கடைசி பெஞ்ச் லைப்ரரி: சிலபஸுக்கு வெளியே நாலு பேர்!

எங்க காலேஜ் லைப்ரரியில் எத்தனை புத்தகம் இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா, எத்தனை ப்ளக் பாயின்ட் இருக்குன்னு கேளுங்க... டக்குன்னு சொல்வேன். ஏழு. அதில் ஆறு டெட்! உயிரோடு இருக்கிற ஒண்ணே ஒண்ணு, 'ஜெனரல்'னு போர்டு மாட்டின கடைசி அலமாரிக்குப் பின்னாடி இருக்கு.

'ஜெனரல்' அலமாரின்னா என்னன்னு தெரியும்ல? 'இந்தப் புத்தகம் எந்த டிபார்ட்மென்ட்?'னு யாராலும் முடிவு பண்ண முடியலைன்னா, அங்கேதான் கொண்டுபோய்ச் சொருகுவாங்க. கல்யாண மண்டபத்தில் தூரத்துச் சொந்தங்கள் உட்கார்ற கடைசி வரிசை மாதிரி. வந்தாங்களா, சாப்பிட்டாங்களா... யாரும் கேக்க மாட்டாங்க.

போன வருஷம் ஒரு வாரம் முழுக்க நான் அந்த அலமாரிக்குப் பின்னாடிதான் குடியிருந்தேன். காரணம் இலக்கிய தாகமெல்லாம் இல்லை பாஸ். மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்திருந்தது. மூணு அரியர். வீட்டில் சொல்லலை. அப்பா போன் பண்ணி "ரிசல்ட் எப்படா?"னு கேட்டா, "இன்னும் வரலைப்பா, யுனிவர்சிட்டியில லேட் பண்றாங்க"ன்னு ஒரு புளுகு. மறுநாள் அதே கேள்வி, அதே புளுகு. ஒரு கட்டத்தில் போனைப் பார்த்தாலே வயித்தைக் கலக்க ஆரம்பிச்சது. அதனால போனை சார்ஜில் போட்டு, சுவிட்ச் ஆஃபும் பண்ணிட்டு, அலமாரிக்குப் பின்னாடி பதுங்கிட்டேன். "ஏன்டா எடுக்கலை?"ன்னு கேட்டா, "சார்ஜ் இல்லைப்பா"ன்னு சொல்லிக்கலாமே!

பதுங்கின நேரத்தில் கை சும்மா இருக்கணுமே... அப்படி உருவின நாலு புத்தகங்களைப் பத்திதான் இந்த வாரம். ஒண்ணு கெமிஸ்ட்ரி, ஒண்ணு மண், ஒண்ணு சிலை, ஒண்ணு பாட்டி கதை. நாலுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லைன்னுதான் நானும் நினைச்சேன்.

மெழுகுவத்திக்கு ஆறு லெக்சர்!

முதல்ல சிக்கினது ஒல்லியா ஒரு புத்தகம். 'தி கெமிக்கல் ஹிஸ்டரி ஆஃப் எ கேண்டில்'. எழுதினவர் பேரைப் பார்த்ததும் ஜெர்க் ஆயிட்டேன். மைக்கேல் ஃபாரடே! எனக்குப் போன மூணு பேப்பர்ல ஒண்ணில், ரெண்டு மார்க் கேள்வியே இவர் பேர்லதான் ஆரம்பிக்கும். 'ஃபாரடே விதியைக் கூறுக.' ஆஹா, இங்கேயும் வந்துட்டாரான்னு மூடி வைக்கப் போனேன். முதல் பக்கத்தில் விதியும் இல்லை, ஃபார்முலாவும் இல்லை. ஒரு மெழுகுவத்தி. அவ்ளோதான்.

1860 டிசம்பர் கடைசி. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல ஸ்கூல் பசங்களுக்காக கிறிஸ்துமஸ் லீவில் ஃபாரடே ஆறு லெக்சர் எடுத்தார். ஆறுமே ஒரு மெழுகுவத்தியைப் பத்தி. அதைத் தொகுத்து 1861-ல் புத்தகமா போட்டாங்க. 'ஒரு மெழுகுவத்தியைப் பத்திப் பேச ஆறு லெக்சரா? நம்ம ஆளுங்க ஒரு யூனிட்டையே அரை லெக்சர்ல முடிப்பாங்களே'ன்னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. ஆனா மனுஷன் கேட்கிற கேள்விகளைப் பாருங்க.

உருகின மெழுகு கீழே கிடக்கு. சுடர் மேலே எரியுது. நடுவில் மெழுகு எப்படி மேலே ஏறுது? திரியில் இருக்கிற நுண்ணிய இடைவெளிகள் வழியா. துண்டோட ஒரு முனையைத் தண்ணியில் போட்டா மொத்தத் துண்டும் ஈரமாகுதே, அதே சங்கதி. சரி, உருகின மெழுகு வழிஞ்சு ஓடாம, மேலே ஒரு குட்டிக் கிண்ணம் மாதிரி நிக்குதே, எப்படி? சுடரோட சூட்டில் சுத்தி இருக்கிற காத்து மேலே ஏறும். அப்படி ஏறும்போது மெழுகுவத்தியோட ஓரத்தைக் குளிர வைக்கும். நடு உருகும், ஓரம் உருகாது. கிண்ணம் ரெடி! அதனாலதான் கன்னாபின்னான்னு டிசைன் போட்ட ஃபேன்ஸி மெழுகுவத்தி எல்லாம் ஒழுங்கா எரியாம வழிஞ்சு நாறடிக்குது. காத்து சீரா ஏறாது, கிண்ணம் உடைஞ்சிடும்.

அடுத்த சோதனையை நானே ஹாஸ்டலில் செஞ்சு பார்த்தேன். கரன்ட் போன ஒரு ராத்திரி. எரியற மெழுகுவத்தியை ஊதி அணைங்க. திரியில் இருந்து வெள்ளையா ஒரு கோடு புகை எழும்பும். எரியற தீக்குச்சியைத் திரிகிட்ட கொண்டு போகாதீங்க, அந்தப் புகையில் காட்டுங்க. தீ புகை வழியா கீழே தாவித் திரியைப் பத்த வைக்கும்! ஏன்னா எரியறது திரி இல்லை, மெழுகும் இல்லை, மெழுகோட ஆவி. ரூமில் நாலு பேரும் 'ஹோய்'னு கத்தினோம். வார்டன் டார்ச்சோட வந்துட்டார். அது தனிக்கதை.

கடைசி லெக்சர்ல ஃபாரடே போடுற போடு இருக்கே... மெழுகுவத்தி காத்தில் இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு கார்பன் டை ஆக்சைடையும் தண்ணியையும் வெளியே விடுது. நாமும் மூச்சில் அதையேதான் செய்றோம். சாப்பாடுதான் மெழுகு. ஒரு மனுஷன் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 7 அவுன்ஸ் கார்பனை எரிக்கிறான்னு கணக்கு சொல்றார். மெஸ் சாப்பாட்டை அவ்ளோ கேவலமா பேசறோமே, அதில்தான் இந்தச் சுடர் எரியுது மக்களே!

இந்த ஆளோட கதை இன்னும் சூப்பர். 1791-ல் பொறந்தவர். அப்பா கொல்லர். பெரிசா படிப்பு கிடையாது. 14 வயசில் ஒரு பைண்டிங் கடையில் வேலை கத்துக்கச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வர்ற புத்தகங்களைப் படிச்சே சயின்ஸ் கத்துக்கிட்டார். 1812-ல் ஹம்ஃப்ரி டேவியோட லெக்சர்களைக் கேட்டு, நோட்ஸ் எடுத்து, அதைத் தானே பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பி வைச்சார். அடுத்த வருஷம் அவர்கிட்டேயே உதவியாளர் வேலை! நோட்ஸ் எடுத்து உருப்பட்ட மனுஷனை நான் முதல்முறையா பார்க்கிறேன். முக்கியமான விஷயம்... ஃபாரடேவுக்குக் கணக்கு வராது. அவர் மனக்கண்ணால் பார்த்த மின்காந்தப் புலங்களை அப்புறம் மாக்ஸ்வெல் வந்துதான் சமன்பாடா எழுதினார். மேத்ஸ் அரியர் வைச்சிருந்த எனக்கு அந்த நிமிஷம் எவ்ளோ ஆறுதலா இருந்திருக்கும்... நீங்களே யோசிச்சுக்கோங்க.

மண்புழுவுக்குப் பியானோ!

ரெண்டாவது புத்தகத்தோட பேரே ஒரு பாரா நீளம். சுருக்கமா 'மண்புழுக்கள்'னு வைச்சுக்குவோம். எழுதினது சார்லஸ் டார்வின். 'பரிணாமம் எழுதினாரே, அவரா?' அவரேதான். 1859-ல் 'ஆரிஜின் ஆஃப் ஸ்பீஷிஸ்' எழுதி உலகத்தையே கலங்கடிச்சவர், 1881-ல், சாகறதுக்கு ஆறு மாசம் முன்னாடி வெளியிட்ட கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பத்தி. அதுவும் சும்மா இல்லை, வெளிவந்ததும் ஆயிரக்கணக்கில் வித்துத் தீர்ந்தது.

டார்வின் தன்னோட ரூமில் பூந்தொட்டிகளில் மண்புழு வளர்த்தார். அதுங்களுக்குக் காது கேட்குமான்னு தெரிஞ்சுக்கணும். விசில் அடிச்சுப் பார்த்தார். ஊஹூம். மகன் ஃபிரான்சிஸ் பசூன்னு ஒரு பெரிய ஊதல் வாத்தியத்தை எடுத்து ஊதினார். அசையலை. மனைவி எம்மா பியானோ வாசிச்சாங்க. கண்டுக்கலை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க! ஆனா தொட்டியைத் தூக்கிப் பியானோ மேலேயே வைச்சு ஒரே ஒரு கட்டையைத் தட்டினதும்... சர்ருன்னு வளைக்குள்ள ஓடிடுச்சு. ஆக, காத்தில் வர்ற சத்தம் அதுங்களுக்குக் கேட்காது. உடம்பில் படற அதிர்வு தெரியும். முடிஞ்சது. இவ்ளோ எளிமையான பரிசோதனைக்கு எந்த லேப் வேணும்?

மண்புழு இலைகளை வளைக்குள்ள இழுத்து வாசலை அடைக்கும். எந்த முனையைப் பிடிச்சு இழுக்குது? இதுக்காக டார்வின் பேப்பரை முக்கோண முக்கோணமா வெட்டித் தரையில் போட்டு வைச்சார். ஒண்ணு ரெண்டு இல்லை, 300-க்கும் மேல எண்ணிப் பார்த்திருக்கார். பாதிக்கு மேல கூர் முனையைப் பிடிச்சுத்தான் இழுத்திருந்தது. கண்ணு இல்லாத ஜீவன், தடவிப் பார்த்தே எது சுலபம்னு கண்டுபிடிக்குது.

என்னை உட்கார வைச்சது வேற ஒரு சம்பவம். 1842 டிசம்பர்ல தன் வீட்டுப் பக்கத்து வயலில் ஒரு பகுதியில் சுண்ணாம்புக் கல் தூளைப் பரப்பி விட்டார். விட்டுட்டு... காத்திருந்தார். எவ்ளோ நாள்? 29 வருஷம்! 1871 நவம்பர்ல அங்கே ஒரு பள்ளம் தோண்டிப் பார்த்தா, அந்த வெள்ளைக் கோடு 7 இன்ச் ஆழத்தில் இருக்கு. அதை யாரும் புதைக்கலை. மண்புழுக்கள் கீழே இருக்கிற மண்ணைத் தின்னு, மேலே கொண்டு வந்து எச்சமா போட்டுப் போட்டு, அது அமிழ்ந்து போயிருக்கு. வருஷத்துக்குக் கால் இன்ச்சுக்கும் கொஞ்சம் குறைவு. பரப்பும்போது டார்வினுக்கு வயசு 33. தோண்டும்போது 62. ஒரு ஏக்கர் நிலத்தில் வருஷத்துக்கு 10 டன்னுக்கும் மேல மண் புழுக்களோட உடம்பு வழியா போய் மேலே வருதுன்னு இங்கிலாந்து நிலத்துக்குக் கணக்கு போட்டார்.

'இத்துனூண்டு புழு இவ்ளோ வேலை செய்யுமா?'ன்னு அப்பவே சிலர் கேலி பண்ணியிருக்காங்க. டார்வினோட பதிலைச் சுருக்கமா சொன்னா இதுதான்: சின்ன விஷயம் திரும்பத் திரும்ப நடந்தா கடைசியில் எவ்ளோ ஆகும்னு கூட்டிப் பார்க்க மனுஷனுக்கு வரலை. அடப்பாவி, இது இன்டக்ரேஷன் ஆச்சே! ரெண்டு செமஸ்டர் அந்த நீளமான 'எஸ்' குறியைப் போட்டுட்டுத்தான் இருந்தேன். அது எதுக்குன்னு ஒரு மண்புழு சொல்லித் தந்தது.

கல்லைப் பார்க்கப் போனவர் சிலையைப் பார்த்தார்!

மூணாவது, 'தி டான்ஸ் ஆஃப் சிவா'. ஆனந்த குமாரசுவாமி 1918-ல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு. 'பக்திப் புத்தகம் போல'ன்னு நினைச்சுத்தான் புரட்டினேன். பின்னாடி ஆசிரியர் குறிப்பைப் படிச்சா, தூக்கிவாரிப் போட்டது. ஆள் ஜியாலஜிஸ்ட்!

1877-ல் கொழும்புவில் பொறந்தவர். அப்பா சர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர். அம்மா இங்கிலாந்துக்காரங்க. ரெண்டு வயசிலேயே அப்பா இறந்துட, வளர்ந்தது இங்கிலாந்தில். லண்டன்ல ஜியாலஜியும் பாட்டனியும் படிச்சுட்டு, இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநரா திரும்பி வந்தார். தோரியம் நிறைஞ்ச தோரியனைட்ங்கிற கனிமத்தை உலகத்துக்குக் காட்டினதில் இவருக்கும் பங்கு உண்டு. கனிமம் தேடி ஊர் ஊரா நடந்தப்ப வேற ஒண்ணு கண்ணில் பட்டது. கைவினைக் கலைஞர்கள். வேலை இல்லாம, வித்தையைக் கத்துக்க ஆள் இல்லாம, ஒவ்வொரு தொழிலா செத்துக்கிட்டு இருந்தது. கல்லை விட்டுட்டு கலைப் பக்கம் வந்துட்டார். அவங்களைப் பத்தி 1908-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். 425 பிரதிதான். அதைக் கையால் இயக்கற அச்சு இயந்திரத்தில் அச்சடிக்கவே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1917-ல் இருந்து அமெரிக்காவில் பாஸ்டன் மியூசியத்தில் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பு. 1947-ல் காலமானார்.

'தி டான்ஸ் ஆஃப் சிவா'வில் இருக்கிற தலைப்புக் கட்டுரை நடராஜர் சிலையைப் பத்தினது. நாம எத்தனை வாட்டி பார்த்திருப்போம்? காலண்டர்ல, கார் டேஷ்போர்டுல, பரதநாட்டிய அரங்கேற்ற இன்விடேஷன்ல... ஒரு வாட்டியாவது 'ஏன் இந்தக் கையில் இது?'ன்னு கேட்டிருக்கோமா? குமாரசுவாமி அந்தச் சிலையை சர்க்யூட் டயகிராம் மாதிரிப் பிரிச்சுப் போடுறார். உடுக்கை பிடிச்ச கை, படைத்தல். அபயம் காட்டுற கை, காத்தல். நெருப்பு ஏந்தின கை, அழித்தல். ஊன்றிய பாதம், மறைத்தல். தூக்கிய பாதம், அருளல். நாலாவது கை அந்தத் தூக்கிய பாதத்தைக் காட்டுது. காலடியில் முயலகன், அதாவது அறியாமை. இதையெல்லாம் தானா கற்பனை பண்ணிச் சொல்லலை. 'உண்மை விளக்கம்', 'திருமந்திரம்' மாதிரியான தமிழ் நூல்களில் இருந்து ஆதாரம் காட்டறார்.

அதுக்காக அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கா? இல்லை. அதுதான் இதில் எனக்குப் பிடிச்ச ட்விஸ்ட். உண்மை விளக்கம் 13-ம் நூற்றாண்டு நூல். நடராஜர் செப்புத் திருமேனிகளோ 10-ம் நூற்றாண்டிலேயே இருக்கு. முன்னாடி செஞ்ச சிலைக்குப் பின்னாடி எழுதின நூலை வைச்சு அர்த்தம் சொல்லலாமா? பத்மா கைமல்ங்கிற கலை வரலாற்று அறிஞர் 1999-ல் எழுதின கட்டுரையில் இந்த மாதிரிக் கேள்விகளைக் கிளப்பினாங்க. காலத்துக்குக் காலம் அர்த்தம் மாறியிருக்கலாம்னாங்க. 80 வருஷம் கழிச்சும் சண்டை போட வைக்குது பாருங்க, அதான் புத்தகம்.

இன்னொரு ஆச்சரியம். இந்தச் சிலையை எப்படிச் செய்றாங்க தெரியுமா? மெழுகில்! எங்க கிளாஸ் கும்பகோணத்துப் பையன் ஒரு லீவில் சுவாமிமலைக்குக் கூட்டிட்டுப் போனான். முதல்ல மெழுகில் முழு உருவத்தையும் செஞ்சுடறாங்க. அது மேல காவேரி வண்டல் மண்ணைப் பூசறாங்க. சூடு காட்டினா மெழுகு உருகி வெளியே ஓடிடும். அந்தக் காலி இடத்தில் உருக்கின உலோகத்தை ஊத்தி, ஆறினதும் மண்ணை உடைச்சா சிலை. அச்சு உடைஞ்சிடறதால அதே மாதிரி இன்னொண்ணு வார்க்க முடியாது. ஜெட் இன்ஜினோட டர்பைன் பிளேடையும் இதே தத்துவத்தில்தான் வார்க்கிறாங்க. மெக்கானிக்கல் பசங்களுக்கு அது 'இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்', எட்டு மார்க். ஃபாரடேவோட மெழுகு, வயல் மண்ணு, குமாரசுவாமியோட சிலை... மூணும் ஒரே பட்டறையில் இருந்தது. எந்த டிபார்ட்மென்ட்டில் இதைப் படிப்பீங்க?

(சென்னைவாசிகளே... எழும்பூர் மியூசியத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கார். ஒரு எட்டு போய்ப் பாருங்க.)

சுவருக்குச் சொன்ன கதை!

கடைசியா எடுத்தது, ஏ.கே.ராமானுஜன் தொகுத்த 'ஃபோக்டேல்ஸ் ஃப்ரம் இந்தியா'. 1991-ல் வந்தது. 22 இந்திய மொழிகளில் இருந்து வாய்மொழிக் கதைகள். ராமானுஜன் 1929-ல் மைசூர்ல பொறந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அப்பாகூட இங்கிலீஷ். அப்பா கணித பேராசிரியர். வானியலும் பார்ப்பார், ஜோசியமும் பார்ப்பார்! மகன் சிகாகோ யுனிவர்சிட்டியில் பேராசிரியரா இருந்து, சங்கப் பாடல்களை உலகமே படிக்கிற மாதிரி இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். 1993-ல் காலமானார்.

அவ்ளோ படிச்ச மனுஷன், அடுப்படியில் பாட்டிகள் சொல்ற கதைகளையும் சங்கப் பாட்டுக்குச் சமமா வைச்சுப் பார்த்தார். நாம பத்தாவதில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின அகம், புறம்ங்கிற பிரிவையே கதைகளுக்கும் பொருத்தினார். ஊருக்கு நடுவில் பாடகர்கள் சொல்ற கதையில் எல்லாருக்கும் பேர் இருக்கும், ஊர் இருக்கும். அது புறம். வீட்டுக்குள்ள சோறு ஊட்டிக்கிட்டே சொல்ற கதையில் யாருக்கும் பேர் இருக்காது. 'ஒரு ஊர்ல ஒரு பாட்டி'. அது அகம். பேர் இல்லாததால அந்தப் பாட்டி யாரா வேணாலும் இருக்கலாம்.

அப்படி ஒரு தமிழ்க் கதை அதில் இருக்கு. ஒரு விதவைக் கிழவி. ரெண்டு மகன், ரெண்டு மருமகள். நாலு பேரும் அவளைப் பாடாப் படுத்தறாங்க. யார்கிட்டயும் சொல்ல வழியில்லை. மனசுக்குள்ளேயே வைச்சு வைச்சு, அவ உடம்பு ஊதிக்கிட்டே போகுது. 'பாரு, தின்னு தின்னு பெருத்துட்டா'ன்னு அதுக்கும் கேலி. ஒருநாள் தாங்க முடியாம வீட்டை விட்டுக் கால் போன போக்கில் போறா. ஊருக்கு வெளியே ஒரு பாழடைஞ்ச வீடு. கூரை இல்லை, நாலு சுவர் மட்டும். உள்ளே போய் ஒரு சுவரைப் பார்த்து, பெரிய மகன் செஞ்சதையெல்லாம் கொட்டறா. சொல்லி முடிச்சதும், பாரம் தாங்காம அந்தச் சுவர் பொலபொலன்னு விழுந்துடுது. அவ உடம்பும் கொஞ்சம் இளைக்குது. அடுத்த சுவருக்கு அடுத்த ஆள் கதை. அதுவும் விழுது. நாலு சுவரும் விழுந்தப்புறம், இடிபாட்டுக்கு நடுவில் அவ லேசா நிக்கிறா.

அவ்ளோதான் கதை. ஒண்ணரைப் பக்கம். மகன்கள் திருந்தினாங்களா? கதை சொல்லலை. மருமகள்களுக்குத் தண்டனை கிடைச்சதா? அதுவும் இல்லை. அவ சொல்லிட்டா, அதான் விஷயம்.

ராமானுஜன் சேகரிச்ச இன்னொரு கதை, கன்னடத்தில். ஒரு வீட்டம்மாவுக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும். யார்கிட்டயும் சொல்றதில்லை, பாடறதில்லை. உள்ளேயே கிடந்து மூச்சு முட்டின கதையும் பாட்டும் ஒருநாள் அவ வாய் திறந்து தூங்கும்போது தப்பிச்சு வெளியே வந்துடுதுங்க. கதை, வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பா மாறிடுது. பாட்டு, ஆணியில் தொங்கற ஒரு கோட்டா மாறிடுது. புருஷன் வந்து பார்த்து, 'யாரு வந்தது?'ன்னு சந்தேகப்பட்டு, சண்டை போட்டு, அனுமார் கோயிலில் போய்ப் படுத்துக்கறான். ராத்திரி ஊரில் அணைஞ்ச விளக்குகளோட சுடரெல்லாம் அந்தக் கோயிலில் கூடி அரட்டை அடிக்கும். அவன் வீட்டுச் சுடர் லேட்டா வந்து, நடந்ததைச் சொல்லுது. அவன் விடிஞ்சதும் ஓடி வந்து பெண்டாட்டிகிட்ட, "அந்தக் கதை என்ன? பாட்டு என்ன?"ன்னு கேட்கிறான். அவ, "எந்தக் கதை? எந்தப் பாட்டு?"ன்னு கேட்கிறா. ரெண்டுமே அவளுக்கு மறந்து போச்சு.

அலமாரிக்குப் பின்னாடி உட்கார்ந்து இதைப் படிச்சுட்டு, ரொம்ப நேரம் அந்த சுவிட்ச் ஆஃப் ஆன போனையே பார்த்துட்டு இருந்தேன். ஒரு வாரமா நான் உள்ளே போட்டு அடைச்சு வைச்ச மூணு பேப்பர் இருக்கே, அது செருப்பாவும் கோட்டாவும் மாறி என் வீட்டு வாசலில் போய் நிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு தோணுச்சு. இதுக்கு மேல எதுவும் யோசிக்காம போனை ஆன் பண்ணினேன்.

"அப்பா... ரிசல்ட் போன வாரமே வந்துடுச்சுப்பா. மூணு பேப்பர் போச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திட்டுவார்னு காதைத் தயார் பண்ணி வைச்சிருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்குப் பாலிடெக்னிக்ல ரெண்டு போச்சுடா. உங்க தாத்தாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை"ன்னார். அப்புறம், "அம்மாகிட்ட நீயே சொல்லிடு, என்னைச் சொல்லச் சொல்லாதே"ன்னு கட் பண்ணிட்டார். இருபது வருஷத்தில் அப்பா என்கிட்ட சொன்ன முதல் கதை அது.

அப்புறம், அந்த மூணில் ரெண்டை முடிச்சுட்டேன். மேத்ஸ் மட்டும் இன்னும் பாக்கி. டார்வின் 29 வருஷம் காத்திருந்தார், எனக்கு அவ்ளோ டைம் தர மாட்டாங்க. தெரியும்!

இந்த நாலு பேரும் 'இது என் சப்ஜெக்ட் இல்லை'ன்னு சொல்லாதவங்க. பைண்டிங் கடைக்காரப் பையன் மின்சாரத்துக்குப் போனார். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி புழுவுக்குப் போனார். கல் ஆராய்ச்சிக்காரர் சிலைக்குப் போனார். பேராசிரியர் அடுப்படிக்குப் போனார். யாருமே தூரமா எங்கேயோ இருக்கிற அதிசயத்தைத் தேடலை. மெழுகுவத்தி, மண், காலண்டர் சாமி, பாட்டி கதை... நம்ம வீட்டில் இருக்கிற சாமான்கள்தான். நாம 'இது எக்ஸாமுக்கு வருமா?'ன்னு கேட்கக் கத்துக்கிட்டோம். அவங்க 'இது ஏன் இப்படி இருக்கு?'ன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராம இருந்தாங்க.

ஃபாரடே, டார்வின், குமாரசுவாமி மூணு பேரோட இந்தப் புத்தகங்களுக்கும் காப்புரிமைக் காலம் முடிஞ்சாச்சு. இன்டர்நெட்டில் நேர்மையாவே இலவசமா கிடைக்கும். ராமானுஜனுக்கு மட்டும் காசு கொடுக்கணும், இல்லைன்னா சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம்னு தேடிப் பாருங்க. முதல்ல ஃபாரடேவில் ஆரம்பிங்க, ஒரு ராத்திரியில் முடிஞ்சிடும். மெழுகுவத்தி ஒண்ணு பக்கத்தில் இருந்தா இன்னும் நல்லது.

ஒரு முக்கிய அறிவிப்பு. ராமானுஜன் புத்தகத்தில் தேதி முத்திரை குத்தற சீட்டைப் பார்த்தேன். எனக்கு முன்னாடி ஒரே ஒரு முத்திரைதான் இருந்தது. ரொம்ப வருஷமா யாரும் தொடாத புத்தகங்களை ஸ்டாக் எடுக்கும்போது கழிச்சுக் கட்டிடுவாங்கன்னு லைப்ரரி மேடம் சொன்னாங்க. கழிச்ச புத்தகம் எடைக்குப் போகும். அப்புறம் அந்தக் கன்னட வீட்டம்மா மாதிரி, "எந்தக் கதை?"ன்னு நாமதான் முழிப்போம்.

அதனால... இந்த வாரம் உங்க காலேஜ் 'ஜெனரல்' அலமாரிக்குப் போங்க. படிக்கிறீங்களோ இல்லையோ, ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து உங்க பேரில் ஒரு முத்திரை குத்திட்டு வாங்க. அதுக்கு ஆயுசு கூடும். ப்ளக் பாயின்ட் வேலை செஞ்சா எனக்கும் சொல்லுங்க.

அடுத்த வாரம், அதே அலமாரி... மேல் தட்டு!